மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

மண்பானை வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வாரத்து விஷயம் சுலபமாகப் புரிந்துவிடும்.

கடைத்தெருவில் பானை வாங்கும் பாட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பானையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையின் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. 'டொக்'கென்று ஒலித்தால் எங்கோ விரிசல். எங்கே என்று கேட்டால் பாட்டிக்குச் சொல்லத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் விரிசல் இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. "வேறே எடுப்பா!" என்று சொல்லிவிடுவாள்.

எண்களையும் இப்படித் தட்டிப் பார்க்கும் வித்தை ஒன்று உண்டு. 21 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைத் தட்டிப் பார்த்து, 'இதில் விரிசல் இருக்கிறது' என்று ஒருவர் 1876-ல் சொன்னார். விரிசல் எங்கே என்று இன்னொருவர் காட்டியது 1903-ல். நடுவே 27 வருஷங்கள்! அந்தக் கதைதான் இது. கடைசியில் அது உங்கள் கைப்பைக்குள் இருக்கும் கைபேசியில் வந்து முடியும்.

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

பன்னிரண்டு லட்டு பிடித்திருக்கிறீர்கள். தாம்பாளத்தில் சமமான வரிசைகளாக அடுக்கவேண்டும். வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை வைக்கலாம். இரண்டாக ஆறு வரிசையும் வைக்கலாம். மாவு சற்று மிஞ்சி லட்டு பதின்மூன்று ஆகிவிட்டால்? எப்படி அடுக்கினாலும் ஏதாவது மிஞ்சும். ஒரே நீள வரிசையாகத்தான் வைக்கமுடியும். பன்னிரண்டைப் போன்றவை பகு எண்கள், பதின்மூன்றைப் போன்றவை பகா எண்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வருகிறதா? பகா எண் முழுப் பானை. பகு எண் விரிசல் உள்ள பானை. விரிசல் வழியே பிரித்தால் 3, 4 என்று துண்டுகள் கிடைக்கும். அந்தத் துண்டுகளுக்குக் காரணிகள் என்று பெயர்.

இனி அரிசிக்கு வருவோம். முதல் நாள் ஒரே ஒரு அரிசி, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் நான்கு, நான்காம் நாள் எட்டு என்று நாளுக்கு நாள் இரட்டித்துக்கொண்டே போகிறீர்கள். சதுரங்கப் பலகைக் கதையில் ராஜாவை ஏமாற்றிய அதே தந்திரம்தான். மூன்று நாளில் சேர்ந்த அரிசி 1 + 2 + 4 = 7. ஐந்து நாளில் 31. ஏழு நாளில் 127. மூன்றுமே பகா எண்கள். ஆனால் நான்கு நாளில் சேர்வது 15. அது 3 × 5. நாள் கணக்கே பகு எண்ணாக இருந்தால் அரிசிக் குவியலும் பகு எண்ணாகத்தான் இருக்கும். இது மாறாத விதி.

அப்படியானால் நாள் கணக்கு பகா எண்ணாக இருந்துவிட்டால் குவியலும் பகா எண்ணாகிவிடுமா? 2, 3, 5, 7 எல்லாம் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டுகின்றன. பதினொன்றாம் நாள் வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. அன்று குவியலில் 2,047 அரிசி. அது 23 × 89! ஆகவே ஒவ்வொரு குவியலையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் தீரவேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் மெர்சென் என்று ஒரு பாதிரியார் இருந்தார். டேக்கார்ட், ஃபெர்மா போன்ற பெரிய அறிஞர்களெல்லாம் அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை அவர் மற்றவர்களுக்குத் தெரிவிப்பார். அவருடைய அறையே அறிஞர்களின் தபாலாபீஸ் போல இருந்தது. அவர் 1644-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு பட்டியலைக் கொடுத்தார். நமது அரிசிக் கணக்கில் சொன்னால், 257 நாள் வரையில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய நாள்களில் மட்டும்தான் குவியல் பகா எண்ணாக இருக்கும் என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்கு நிரூபணம் எதுவும் தரவில்லை. சொன்னவரோ பெரியவர், எண்களோ பிரம்மாண்டமானவை. யார் சரிபார்ப்பது?

அந்தப் பட்டியலில் 67-ஆம் நாளைக் கவனியுங்கள். அன்று குவியலில் இருக்கும் அரிசியின் எண்ணிக்கை இதுதான்:

14,75,73,95,25,89,67,64,12,927

கோடி கோடியாக எண்ணினால் ஏறக்குறைய பதினான்கே முக்கால் லட்சம் கோடி கோடி. இது முழுப் பானையா, விரிசல் பானையா?

இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எதுவார் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அவரை வேறு வழியில் தெரியும். மூன்று குச்சிகளும், சிறிதும் பெரிதுமாக வட்டத் தட்டுகளும் உள்ள 'ஹனாய் கோபுரம்' என்ற விளையாட்டுச் சாமானை 1883-ல் வெளியிட்டவர் அவர்தான். ஒரு தடவைக்கு ஒரு தட்டுத்தான் எடுக்கலாம்; சிறிய தட்டின் மேல் பெரியதை வைக்கக்கூடாது. காசியில் ஒரு கோயிலில் 64 தங்கத் தட்டுகளை அர்ச்சகர்கள் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அதற்கு ஒரு கதையும் கட்டிவிட்டார்கள். மூன்று தட்டை மாற்ற 7 தடவை நகர்த்தவேண்டும். ஐந்து தட்டை மாற்ற 31 தடவை. ஆம், அதே அரிசிக் கணக்குத்தான்! அறுபத்தேழு தட்டு இருந்தால், மேலே அச்சிட்டிருக்கிறோமே, அத்தனை தடவை நகர்த்தவேண்டும்.

லூகாஸ் எண்களைத் தட்டிப் பார்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். பிறகு லெமர் என்ற அமெரிக்கர் 1930-ல் அதை இன்னும் எளிதாக்கினார். எளிதாக்கிய வழி இதோ:

நான்கில் ஆரம்பியுங்கள். அதை அதனாலேயே பெருக்கி 2 கழியுங்கள். வந்ததைக் குவியலின் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியைத் திரும்பவும் அதனாலேயே பெருக்கி 2 கழித்து, வகுத்து, மீதியை எடுங்கள். நாள் கணக்கில் இரண்டைக் குறைத்தால் எத்தனை வருமோ அத்தனை தடவை இப்படிச் செய்யவேண்டும். நாள் கணக்கு 3, 5, 7 போன்ற ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. கடைசி மீதி பூஜ்யம் என்றால் பானை கணீரென்று ஒலிக்கிறது. குவியல் பகா எண். வேறு எது வந்தாலும் விரிசல்.

ஏழு நாள் குவியலான 127-ஐத் தட்டிப் பாருங்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து தடவை. முதல் தடவை 14. பதினான்கைப் பதினான்கால் பெருக்கி 2 கழித்தால் 194. அதை 127-ஆல் வகுத்தால் மீதி 67. பிறகு 42. பிறகு 111. ஐந்தாம் தடவை 0. பகா எண்! இனி, விரிசல் என்று நமக்கு முன்னமே தெரிந்த 2,047-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது தடவை செய்தால் கடைசி மீதி 1,736. பூஜ்யம் இல்லை; ஆகவே பகு எண். ஆனால் இதில் ஒரு வேடிக்கை பார்த்தீர்களா? இந்தக் கணக்கில் எங்கேயும் 23 தலைகாட்டவில்லை, 89-உம் தலைகாட்டவில்லை. விரிசல் இருக்கிறது என்று ஒலி சொல்லிற்றே தவிர, எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

இப்படித்தான் லூகாஸ் தாம் கண்ட வழியில் 1876-ல் 67 நாள் குவியலைத் தட்டிப் பார்த்து, அது பகா எண் அல்ல என்று அறிவித்தார். மெர்சென் பாதிரியார் சொன்னது தவறு. சரி, எந்த எண்ணால் அது வகுபடும்? அது லூகாஸுக்கும் தெரியாது.

இனி நியூயார்க் நகரத்துக்குப் போவோம். 1903, அக்டோபர் 31. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் பேசவேண்டிய முறை வந்தது. பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிப்பது என்பது அவருடைய தலைப்பு. அவர் எழுந்தார். கரும்பலகைக்குப் போனார். வாயைத் திறக்கவே இல்லை. இரண்டை இரண்டால் பெருக்கி, அதை மறுபடி இரண்டால் பெருக்கி, அறுபத்தேழு இரண்டுகளின் பெருக்குத்தொகையை எழுதி, ஒன்றைக் கழித்தார். பிறகு பலகையின் இன்னொரு பக்கம் போய் இரண்டு எண்களை எழுதினார்:

19,37,07,721 × 7,61,83,82,57,287

பள்ளிக்கூடத்துப் பையனைப் போலப் படிப்படியாகப் பெருக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கத்து விடைகளும் ஒன்றாக இருந்தன. சாக்கட்டியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். கணித மேதைகளின் கதைகளைச் சுவையாக எழுதிய எரிக் டெம்பிள் பெல் இப்படித்தான் வர்ணித்திருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னால் கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் பதில் சொன்னதாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

கோல் எழுதியது சரிதானா என்று சமையலறையிலிருந்தபடியே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஓர் எண்ணின் இலக்கங்களையெல்லாம் கூட்டுங்கள். வந்ததையும் கூட்டிக்கொண்டே போய் ஒரே இலக்கமாக்குங்கள். முதல் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, பிறகு 10, பிறகு 1. இரண்டாவது 64, பிறகு 10, பிறகு 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. பெரிய எண்ணைக் கூட்டினால் 109, பிறகு 10, பிறகு அதுவும் 1. பொருந்துகிறது! இது பெருக்கலில் பிழை ஏற்பட்டிருந்தால் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். முழு நிச்சயம் வேண்டுமானால் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பெருக்கிவிட வேண்டியதுதான். அரை மணிக்கு மேல் ஆகாது.

பெருக்குவதற்கு அரை மணி. பிரிப்பதற்கு மூன்று வருஷமா? கோல் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. 67 நாள் குவியலுக்குக் காரணி இருந்தால், அது 134-ன் மடங்கோடு ஒன்று கூடியதாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பதினொரு நாள் குவியலில் இதைப் பார்க்கலாம். பதினொன்றின் இரட்டிப்பு 22. 22-உடன் ஒன்று கூட்டினால் 23. 88-உடன் ஒன்று கூட்டினால் 89. ஆகவே 135, 269, 403 என்று 134-ஆகத் தாண்டித் தாண்டிப் போனால் போதும். ஆனால் அப்படித் தாண்டிப் போனாலும், சிறிய காரணி அந்த வரிசையில் 14,45,580-ஆவது இடத்தில் ஒளிந்துகொண்டிருந்தது! ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், இரவு பகல் தூங்காமல் உட்கார்ந்தாலும் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். ஆகவே கோல் மேலும் மேலும் நுண்ணிய சல்லடைகளைப் போட்டு, வேண்டாத எண்களைக் கழித்துக்கொண்டே வந்தார். அதற்குத்தான் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்.

கரும்பலகையில் கண்ட அந்தச் சில நிமிஷங்களுக்குப் பின்னால் எவ்வளவு காலம் இருந்தது என்பதைப் பெண்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அடுப்படியில் விடியற்காலை முதல் நின்று செய்த பட்சணம் பந்தியில் பத்து நிமிஷத்தில் காணாமல் போவதைப் பார்த்தவர்கள் அல்லவா நீங்கள்?

ஆனால் உங்களில் ஒருவர் கேட்கலாம்: "லூகாஸ்தான் விரிசல் என்று முன்னமே சொல்லியாயிற்றே? பிறகு கோல் எதற்காக இத்தனை பாடுபடவேண்டும்?"

நல்ல கேள்வி. பாட்டி தட்டிப் பார்த்துச் சொன்னது பாட்டிக்குச் சரி, கடைக்காரன் ஒப்புக்கொள்வானா? "காது சரியாகக் கேட்கவில்லை, பாட்டி" என்பான். லூகாஸ் சொன்னதை நம்பவேண்டுமானால் அவர் செய்த நீண்ட கணக்கு முழுவதையும் திரும்பச் செய்து பார்க்கவேண்டும். நடுவே ஒரே ஓர் இலக்கம் பிசகினாலும் எல்லாம் போச்சு. கோல் செய்தது வேறு. பானையில் தண்ணீரை ஊற்றி, கசியும் இடத்தை விரல் வைத்துக் காட்டினார். அதைச் சரிபார்க்கப் பண்டிதர் வேண்டாம். ஐந்தாம் வகுப்புக் குழந்தை போதும். தெரிந்துகொள்வது ஒன்று, பிறர் மறுக்க முடியாதபடி காட்டுவது இன்னொன்று. அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்ததற்கு அர்த்தமும் அதுதான். பேசுவதற்கு மிச்சம் என்ன இருந்தது?

மெர்சென் பாதிரியாரின் பட்டியல் முழுவதையும் சரிபார்த்து முடிக்க 1947 ஆயிற்று. 67-உம் 257-உம் தவறு. சேர்க்கவேண்டிய 61, 89, 107 ஆகிய மூன்றையும் அவர் விட்டுவிட்டார். இவற்றில் 61-ஐ 1883-ல் கண்டுபிடித்தவரும் ஒரு பாதிரியார்தான். பெர்வூஷின் என்ற ரஷ்யர். 61 என்பதுதான் 67 என்று தவறாக அச்சாகிவிட்டதோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. அச்சுப்பிழையின் மகிமை பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாததல்ல!

இப்போது கைபேசிக்கு வருவோம். பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம் என்று கோலின் ஞாயிற்றுக்கிழமைகள் நமக்குக் காட்டின. இந்தக் கஷ்டத்தையே ஒரு பூட்டாக மாற்றினால் என்ன என்று அமெரிக்காவில் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவருக்கு 1977-ல் தோன்றிற்று. இரண்டு பெரிய பகா எண்களை இரகசியமாக வைத்துக்கொண்டு, அவற்றைப் பெருக்கி வரும் எண்ணை மட்டும் ஊரறியச் சொல்லிவிடலாம். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டைப் போல, அந்த எண்ணைக் கொண்டு யார் வேண்டுமானாலும் ஒரு செய்தியைப் பூட்டலாம். திறக்க வேண்டுமானால் அந்த இரண்டு துண்டுகளும் தெரிந்திருக்கவேண்டும். பாங்கிக் கணக்கைக் கைபேசியில் பார்ப்பது, கடையில் பணம் செலுத்துவது போன்ற காரியங்களில் இந்த வகைப் பூட்டு பல இடங்களில் காவல் நிற்கிறது.

அந்த மூவரும் அப்போது 129 இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் கொடுத்து, அதைப் பிரித்துச் செய்தியைப் படிப்பவர்களுக்கு நூறு டாலர் பரிசு என்று சவால் விட்டார்கள். கோடானு கோடி ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் 1994-ல், சுமார் அறுநூறு பேர் உலகெங்கும் இருந்த தங்கள் கம்ப்யூட்டர்களை ஒன்றுசேர்த்து, எட்டு மாத காலத்தில் அதைப் பிரித்துவிட்டார்கள்! உள்ளே இருந்த செய்தி என்ன தெரியுமா? எலும்பு தின்னும் கழுகு ஒன்றின் பெயர் வரும், பொருளற்ற ஒரு வாக்கியம். கோல் மூன்று வருஷம் தேடியதை இன்றைய கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் தேடிவிடும். ஆகவே பூட்டுக்குரிய எண்ணையும் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். இப்போது சாதாரணமாக வழங்குவது 617 இலக்கம். வருங்காலத்துக் குவாண்டம் கம்ப்யூட்டர்கள் இதையும் உடைத்துவிடக்கூடும் என்பதால், வேறு வகைப் பூட்டுகளுக்கான விதிகளை 2024-ல் அமெரிக்க அரசின் தர நிறுவனம் வெளியிட்டது.

பூட்டு அவ்வளவு பலமானது. ஆகவேதான் திருடர்கள் பூட்டை விட்டுவிட்டு வீட்டுக்காரர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது கூப்பிட்டு, உங்களுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால், ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 617 இலக்கப் பூட்டை உடைக்க வழியில்லாதவன்தான் ஆறு இலக்கத்துக்கு உங்களிடம் கையேந்துகிறான். கொடுக்காதீர்கள்!

விரிசல் தேடும் வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. 1,277 நாள் அரிசிக் குவியலின் எண்ணுக்கு 385 இலக்கங்கள். தட்டிப் பார்த்தாயிற்று, ஒலி சரியில்லை, நிச்சயமாகப் பகு எண்தான். ஆனால் கம்ப்யூட்டர்கள் எத்தனையோ வருஷம் தேடியும் அதன் ஒரு காரணிகூட அகப்படவில்லை. லூகாஸுக்கும் கோலுக்கும் இடையே இருந்த அந்த இருபத்தேழு வருஷத்தைப் போல ஒரு காத்திருப்பில் அந்த எண் இருந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் கணக்கில் கெட்டிக்காரப் பெண்ணோ பிள்ளையோ இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை கொடுங்கள். பதின்மூன்று நாள் குவியலில் 8,191 அரிசி. நான்கில் ஆரம்பித்துப் பதினொரு தடவை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முழுப் பானையா, விரிசல் பானையா? விடை மெர்சென் பாதிரியாரின் பட்டியலிலேயே இருக்கிறது. அந்த ஓர் இடத்தில் அவரைத் தாராளமாக நம்பலாம்.